சி.பி.எஸ்.இ. ஆங்கிலம்: வரைபடத்தில் இல்லாததை எழுதலாமா?

சி.பி.எஸ்.இ. 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு 2026இல் தொடக்க நாள் பிப்ரவரி 17. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு, 2025இல்தான் அவற்றின் மாணவர்கள் முதன்முதலாக இந்தத் தேர்வை எழுதினார்கள். மூத்த பிள்ளையின் பழைய கைடு இளையவனுக்கு உதவாத வீடுகளிலிருந்து வரும் கடிதங்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன: சுருக்கம், பகுப்பாய்வு, கருத்து என்று மூன்று கேட்கிறார்களே, மூன்றையும் பிள்ளை ஒரே மாதிரி எழுதினால் என்ன கெட்டுவிடும்?

கெடுவது 10ஆம் வகுப்பு ஆங்கிலத் தாளில் 'அனலிட்டிக்கல் பாராகிராஃப்' என்ற 5 மதிப்பெண் கேள்வியில். ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுத்து, சுமார் 120 சொல்லில் பத்தி எழுதச் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கு மாணவர்கள் வந்துசேரும் விதம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு: 2015இல் சைக்கிள் 60, பெற்றோரின் ஸ்கூட்டர் 20, பஸ் 20. 2025இல் சைக்கிள் 25, ஸ்கூட்டர் 55, பஸ் 20.

ஆறு எண்களையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை வரைபடத்தை வாக்கியமாக மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். சைக்கிள் 35 இறங்கியது, ஸ்கூட்டர் அதே 35 ஏறியது, பஸ் அசையவில்லை என்று எழுதும் பிள்ளை எண்களை ஒன்றோடொன்று பேசவிட்டிருக்கிறது. கேட்பது இதைத்தான். மூன்றாவது பிள்ளை ஒருபடி மேலே போகும்: காமராஜர் சாலை நெரிசலுக்குப் பயந்து பெற்றோர் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரைபடத்தில் சாலையும் இல்லை, பயமும் இல்லை. அந்த வரிக்கு இடம் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதம்.

இன்னும் நுட்பமான சறுக்கல் ஒன்று உண்டு. 'சைக்கிளை விட்ட 35 பேரும் ஸ்கூட்டருக்கு மாறினார்கள்' என்ற வரி சரியாகத்தான் படும். ஆனால் 2015இல் படித்தவர்களில் பெரும்பாலோர் 2025இல் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டார்கள். ஆட்கள் மாறினார்கள் என்று வரைபடம் சொல்லவில்லை, விகிதம் மாறியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. பெரியவர்களும், அரசின் சாதனை விளம்பரங்களும்கூட, அன்றாடம் சறுக்கும் இடம் இது.

இவ்வளவு நல்ல கேள்வியை மதிப்பெண் முறையே மழுங்கடிக்கிறது என்பதுதான் உறுத்தல். வினாத்தாளில் பாதி 'திறன் சார்ந்த' கேள்விகள், மனப்பாடத்துக்கு விடை கொடுத்தாயிற்று என்கிறது வாரியம். நடைமுறையில் அதற்குப் பொருள், பாடப்புத்தகத்தில் இல்லாத பத்தியையோ படத்தையோ கொடுத்துக் கேட்பது. ஆனால் உள்ளடக்கம், ஒழுங்கு, மொழி என்று மதிப்பெண் பிரிகிறது. தொடக்க வரி, ஒப்பீட்டுச் சொற்கள், முடிவு வரி ஆகியவற்றை முன்கூட்டியே உருப்போட்டு எண்களை மட்டும் நிரப்பும் பிள்ளைக்குக்கூட ஒழுங்குக்கும் மொழிக்கும் உரிய மதிப்பெண் கணிசமாகக் கிடைத்துவிடும். டியூஷன் சென்டர்கள் விற்பது இந்தச் சட்டகத்தைத்தான். மனப்பாடம் வீடு மாறியிருக்கிறது, ஊரைவிட்டுப் போகவில்லை.

இதே புதுச்சேரியில், விக்டர் சிமோனல் வீதியில் 1826 முதல் இயங்கும் பிரெஞ்சுப் பள்ளியான லிசே, பிரான்ஸின் பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரியாவுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறது. அத்தேர்வின் தொழில்நுட்பப் பிரிவு பிரெஞ்சுத் தாளில் ஒரு வாய்ப்பு: சுமார் 1000 சொல் கொண்ட கட்டுரையைக் கால் பங்காகச் சுருக்க வேண்டும், 10 சதவீதம் கூடலாம், குறையலாம். சொந்தக் கருத்து எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்து, அதே பொருளை ஒட்டித் தன் வாதத்தைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும். பிறர் சொன்னது ஒரு பக்கம், நான் சொல்வது மறுபக்கம் என்ற கோட்டை அந்த வினாத்தாளே கிழித்துக் கொடுத்துவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யில் அந்தக் கோட்டைப் பிள்ளையே கிழித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற கேள்விகள்:

சுருக்கம் எந்த வகுப்பில்? 11இல்: குறிப்பெடுக்க 5, அதிலிருந்து 50 சொல்லுக்குள் சுருக்க 3.

12இல் கருத்து எழுத இடம் எங்கே? கட்டுரையிலும் ஆசிரியருக்குக் கடிதத்திலும், 120 முதல் 150 சொல்.

10ஆம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால்? மே மாதம் இரண்டாம் தேர்வு. அதிகபட்சம் 3 பாடம். முதல் தேர்வைத் தவிர்க்க முடியாது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்துமா? பொருந்தாது, வினாத்தாளே வேறு.

சட்டக வரிகளை உருப்போடலாமா? முதல் வரிக்கு உதவும். எந்த இரண்டு எண்களை ஒப்பிடுவது என்பதை அது சொல்லித் தராது.