ஒரு குவளைத் தண்ணீரில் நான்கு சாஸ்திரங்கள்

கிணற்றிலிருந்து அப்பொழுதுதான் இறைத்த ஜலம். பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. நிறமில்லை, நாற்றமில்லை, நாவில் வைத்தால் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தாலும் ஒரு கிருமி அகப்படாது. ஆயினும் அந்த ஜலத்தைப் பருகி வளரும் கிராமத்திலே குழந்தைகளின் பற்களில் பழுப்பு வரிகள் ஓடுகின்றன. உழைக்கும் வயதிலுள்ள ஆண்களும் பெண்களும் முதுகை வளைத்துத் தரையில் கிடக்கும் பொருளை எடுக்க இயலாமல் தவிக்கின்றனர். கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடல் முழுவதையும் சேர்த்தே திருப்ப வேண்டியிருக்கிறது.

இது எந்தத் தெய்வத்தின் கோபம்? எந்தப் பரம்பரைச் சாபம்? இப்படித்தான் நெடுங்காலம் ஜனங்கள் கேட்டு வந்தார்கள். விடை அந்தக் குவளைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதைக் கண்டு சொல்வதற்கு ஒரு சாஸ்திரம் போதவில்லை. வைத்தியமும் ரஸாயனமும், திரவங்களின் ஓட்டத்தை ஆராயும் பௌதிகமும், நிலத்தடி நீரை ஆராயும் பூகர்ப்ப சாஸ்திரமும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சுருங்கச் சொல்ல விரும்புகிறோம்.

வைத்தியரும் இஞ்சினீயரும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் புவாஸேய் என்ற வைத்தியர் இருந்தார். நம் உடலிலுள்ள மெல்லிய நாளங்களின் வழியே இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய அவருக்குப் பேராவல். 1838ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்திப் பொறுமையாக அளந்து பார்த்தார். குழாயின் குறுக்களவு பாதியாகக் குறைந்தால், ஓடும் நீரும் பாதியாகக் குறைவதில்லை; பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! ஜெர்மனியில் ஹாகன் என்ற இஞ்சினீயரும் 1839இல் தனியே இதே உண்மையைக் கண்டார். இரத்தக் குழாய் சிறிது தடித்தாலும் இருதயம் ஏன் அவ்வளவு சிரமப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

அதே பிரான்ஸ் தேசத்தில் திஜோன் என்ற நகரில் 1803இல் பிறந்தவர் ஹென்றி தார்ஸி. தம் ஊர் மக்கள் அசுத்த ஜலத்தைக் குடித்து அவதியுறுவதைக் கண்டு, சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஓர் ஊற்றிலிருந்து மூடிய கால்வாய் வழியாக நீரைக் கொண்டுவந்தார். 1840இல் அந்த ஜலம் நகரை வந்தடைந்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு அவர் ஊதியம் பெற மறுத்துவிட்டார் என்பதை நாம் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது.

பிற்காலத்தில் உடல் நலிந்திருந்த நிலையில் தார்ஸி ஒரு பரிசோதனை செய்தார். இடம், திஜோன் நகர ஆஸ்பத்திரியின் முற்றம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி அளந்தார். மேலும் கீழும் உள்ள நீரழுத்த வித்தியாசம் இரட்டித்தால் கசியும் நீரும் இரட்டிக்கிறது. மணலின் உயரம் இரட்டித்தால் கசிவு பாதியாகிறது. 1856இல் தம் நகரத்தின் பொதுநீர் வசதிகளைப் பற்றிய பெரிய நூலின் அனுபந்தத்தில் இதை வெளியிட்டார். இரண்டாண்டில் காலஞ்சென்றார். இன்று உலகில் எந்த மூலையில் நிலத்தடி நீரைக் கணக்கிட்டாலும் தார்ஸியின் விதி இல்லாமல் நடவாது.

வைத்தியர் கண்டதும் இஞ்சினீயர் கண்டதும் அடிப்படையில் ஒரே உண்மைதான். மணலின் இடுக்குகளும் பாறையின் வெடிப்புகளும் பூமாதேவியின் மயிர்க்குழாய்களே. அவற்றிலே நீர் ஓடுவதில்லை, ஊர்கிறது. ஆற்றுநீர் ஒரு நாளில் கடக்கும் தூரத்தைக் கடக்க அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு காலமும் அது பாறையைத் தொட்டுக்கொண்டே போகிறது. தொட்டதில் கரைவதையெல்லாம் தன்னுடன் எடுத்துக்கொள்கிறது. நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

நெல்லூர்க் கிராமங்களில்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், இந்த வியாதியை முதலில் காட்டிக் கொடுத்தவை வாயில்லா ஜீவன்களான உழவு மாடுகள் என்று சொல்லப்படுகிறது. வாட்டசாட்டமான எருதுகள் சில ஆண்டுகளில் கால் விறைத்து நடக்க மாட்டாமல் போயின. பிறகு மனிதர்களிடமும் அதே விறைப்புக் காணப்பட்டது.

கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டின் தலைவராக அப்போதிருந்த ஷார்ட் என்பவரும், மக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோரும் இதை ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரே படங்களில் நோயாளிகளின் எலும்புகள் வழக்கத்துக்கு மாறாகத் தடித்து வெண்மையாகத் தெரிந்தன. முதுகெலும்பின் கண்ணிகளை இணைக்கும் தசைநார்கள்கூடச் சுண்ணாம்பேறி எலும்பாகியிருந்தன. கிணற்று ஜலத்தைச் சோதித்தபோது புளோரைடு என்ற உப்பு மிகுதியாக இருப்பது தெரிந்தது. 1937இல் வெளியான இவர்களுடைய கட்டுரையே இந்தியாவில் புளோரைடு நோயைப் பற்றிய முதல் விளக்கம்.

அதைத் தொடர்ந்து சி. ஜி. பண்டிட், ராகவாச்சாரி முதலிய நம்மவர்கள் மாகாணத்தின் வேறு பகுதிகளிலும் ஆராய்ந்து 1940இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜலத்தை மட்டுமன்று, ஜனங்களின் உணவையும் வாழ்க்கை நிலையையும் அவர்கள் சேர்த்தே கவனித்தார்கள். ஏழ்மையும் ஊட்டக் குறைவும் உள்ள இடத்தில் நோயின் கொடுமை அதிகம் என்ற உண்மைக்கு இவ்வாறு வழி பிறந்தது. நல்கொண்டா ஜில்லாவில் இளம் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி வளைந்து போனதை ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்களான கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973இல் உலகுக்கு எடுத்துரைத்தார்கள்.

எலும்பில் நடக்கும் ரஸாயனம்

புளோரைடு விஷந்தானா? இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மக்கே என்ற பல் வைத்தியர் 1901 முதல் தம் நோயாளிகளின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்து வந்தார். 1931இல் சர்ச்சில் என்ற ரஸாயன சாஸ்திரி அதன் காரணம் ஜலத்திலுள்ள புளோரைடே என்று நிரூபித்தார். ஆனால் இந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தை விழுவதில்லை! ஒரு லிட்டர் நீரில் சுமார் ஒரு மில்லிகிராம் இருந்தால் பற்களுக்கு நன்மை என்று பின்னர் கண்டு, 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற நகரில் குடிநீரில் வேண்டுமென்றே அதைக் கலக்கத் தொடங்கினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நம்முடைய எலும்பும் பல்லும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகத்தால் ஆனவை. அந்தப் படிகத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ள புளோரைடுக்கு வெகு ஆசை. கொஞ்சம் புகுந்தால் பல் உறுதிப்படும். ஆண்டுக்கணக்கில் மிகுதியாகப் புகுந்தாலோ எலும்பின் அமைப்பே மாறிவிடும். சுமார் எட்டு வயதுக்குள், பற்கள் உருவாகும் பருவத்தில், அதிகப் புளோரைடு உள்ள நீரைக் குடித்த குழந்தைக்குப் பற்கறை நிலைத்துவிடும். விறைத்த முதுகெலும்பை மீண்டும் வளைக்கும் மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம் என்பது இந்திய நிர்ணயம்.

பாறையின் ரகசியம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளும் தெலுங்கு நாட்டின் நல்கொண்டாவும் கருங்கல் பூமி. அந்தக் கல்லிலுள்ள சில தாதுக்களில் புளோரைடு அடங்கிக் கிடக்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் புளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்து, சோடாச் சத்து மிகுந்த நீரில்தான் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். ‘பருப்பு நன்றாக வேகிறதா? அப்படியானால் நல்ல தண்ணீர்’ என்று நம் இல்லத்தரசிகள் சோதிப்பார்கள். மற்ற விஷயங்களில் பிசகாத அந்தச் சோதனை இந்த விஷயத்தில் பல இடங்களில் ஏமாற்றிவிடும்.

இதில் மனத்தை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. குளத்து நீரைக் குடித்து ஜனங்கள் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் மாண்டு வந்தார்கள். அவர்களைக் காக்கும் நன்னோக்கத்துடன் 1970க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தேசமெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகளும் கைப்பம்புகளும் அமைக்கப்பட்டன. கிருமிகள் ஒழிந்தன; உயிர்கள் பிழைத்தன; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில இடங்களில் ஆழம் போகப் போகப் பாறையுடன் நெடுங்காலம் உறவாடிய நீர் மேலே வந்தது. வங்காளத்தில் இதே விதமாக ஆர்ஸெனிக் என்ற பாஷாணம் வெளிப்பட்டது. 1983இல் கல்கத்தா வைத்தியர் சாஹா அந்த நோயாளிகளை இனங்கண்டார். நன்மை செய்யப் புகுந்தாலும் சோதித்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

பரிகாரம் யாது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். ஜலத்தைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் பயனில்லை.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுப்புற ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் கண்ட முறைக்கு ‘நல்கொண்டா முறை’ என்று பெயர். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை வடித்துக்கொள்வது. பொருள்கள் கிராமத்திலேயே கிடைப்பவை. ஆயினும் படிகாரத்தின் அளவு நீருக்கு நீர் மாறும், கைம்மதிப்பாகப் போடலாகாது. அடியில் தங்கும் வண்டலையும் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிக்கும் இயந்திரங்கள் இக்காலத்தில் பரவியிருக்கின்றன. அவை புளோரைடை நீக்கும். ஆனால் செலவும் மின்சாரமும் வேண்டும். ஒரு பங்கு நீர் வீணாகும்.

இயற்கை தரும் மருந்து மழை. மழைநீரில் புளோரைடு இல்லையென்றே சொல்லலாம். கூரை நீரைச் சுத்தமாகச் சேர்த்து வைக்கும் குடும்பம் தன் குழந்தைகளின் முதுகெலும்பைக் காக்கிறது. ஆற்று நீரும் இவ்வகையில் பெரும்பாலும் நல்லதே. அதனாலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி ஜலத்தைக் கொண்டுசெல்லும் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஊட்டமான உணவும் துணை செய்யும்; சுண்ணாம்புச் சத்தும் பால் மோரும் கீரையும் நெல்லிக்கனியும் ஏழைக் குழந்தைக்கும் கிட்ட வேண்டும்.

நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸிர்கோனியமும் அலிஸரின் என்ற சாயமும் கலந்த செந்நிறத் திரவத்தில் புளோரைடு உள்ள நீரை விட்டால் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். இந்தச் சோதனைக்குச் சில நிமிஷங்கள் போதும். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிணறு, கோயில் கிணறு, தெருக்கோடிப் பம்பு இவற்றின் நீர் ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று நாம் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஊராட்சியாரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மணலை நிரப்பிக்கொண்டிருந்த தார்ஸிக்கு நெல்லூர் எங்கேயிருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர் கண்ட விதி இன்று நம் கருங்கல் பூமியில் பயன்படுகிறது. கிண்டியில் நம்மவர்கள் கண்டது பிற தேசங்களுக்கும் பயன்படுகிறது. அறிவுக்குச் சொந்த ஊர் கிடையாது. ஆனால் அறிந்ததை உபயோகிக்கும் பொறுப்புக்கு ஊரும் பேரும் உண்டு; அது நம்முடையது. குனிந்து தன் குழந்தையைத் தூக்கி எடுக்க முடியாத தாய் ஒருத்தி இந்த நாட்டில் இருக்கும்வரையில், அந்தப் பொறுப்பை நாம் நிறைவேற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.