மொழிபெயர்ப்புச் சொல்லும் சமய இயக்கமும்: ஹொங் சியூச்சுவான்

சமய நூலை மொழிபெயர்ப்பவர் தேர்ந்துகொள்ளும் சொல், பெறுமொழியில் தனக்கு முன்பே அமைந்த பொருள்களையும் உடன்கொண்டு வருகிறது. அப்பொருள்களின் ஆற்றலுக்குச் சீனத்தில் தைப்பிங் இயக்கத்தை நிறுவிய ஹொங் சியூச்சுவானின் (1814-1864) வாழ்வு தக்க சான்றாகும்.

குவாங்துங் மாநிலத்தில் ஹக்கா மொழி பேசும் வேளாண் குடும்பத்தில் பிறந்த ஹொங், குவாங்சௌ நகரில் அரசுத் தேர்வை நான்கு முறை எழுதித் தோற்றார். 1837இல் நோயுற்றுக் கிடந்தபோது, விண்ணுலக முதியவர் ஒருவர் தமக்கு வாளளித்துப் பேய்களை அழிக்கப் பணித்ததாகக் காட்சி கண்டார். 1843இல், முன்பே தம்மிடம் இருந்த நூலொன்றை ஊன்றிப் படித்தார். சீனக் கிறித்தவரான லியாங் அஃபா 1832இல் வெளியிட்ட அந்நூல் விவிலியப் பகுதிகளையும் விளக்கங்களையும் கொண்டது. காட்சியில் வந்த முதியவர் கடவுளே என்றும், தாம் இயேசுவின் தம்பி என்றும் ஹொங் முடிவு செய்தார்.

இம்முடிவிற்கு எழுத்துகளும் துணைநின்றன. அந்நூலில் எகோவாவின் பெயர் 'யெ-ஹுவோ-ஹுவா' என மூன்று எழுத்துகளால் ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது. இவற்றுள் 'ஹுவோ' என்பது தீயைக் குறிக்கும். ஹொங்கின் இயற்பெயரான ஹுவோசியூவிலும் அவ்வெழுத்தே இருந்தது. மேலோர் பெயரெழுத்தைப் பிறர் ஆளலாகாது என்னும் சீன மரபின்படி அதனை விலக்கி, அவர் சியூச்சுவான் எனப் பெயர் பூண்டார். இதன் ஈற்றெழுத்து 'முழுமை, அனைத்தும்' எனப் பொருள்படும். லியாங்கின் நூலில் அவ்வெழுத்து வந்த இடங்களை அவர் தம்மைச் சுட்டுவனவாகக் கொண்டார் என்று, 1854இல் வெளிவந்த தியோடர் ஹாம்பெர்க்கின் நூல் கூறுகிறது. ஒலிக்காக மட்டும் எடுத்தாளப்பட்ட எழுத்தும் படிப்பவரிடம் பொருளுடையதாயிற்று.

கடவுளைக் குறிக்கும் சொல்லின் விளைவு இதனினும் பெரிது. 'ஷாங்-தி' என்பதா, 'ஷென்' என்பதா எனப் புராட்டஸ்டண்டுச் சமயப் பரப்பாளர்கள் 1840களில் நெடிது வாதிட்டனர். தமிழ் விவிலியங்களில் சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனச் சொற்கள் மாறி வந்தமையை அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 'ஷென்' ஆவிகளையும் தெய்வங்களையும் பொதுவாகக் குறிப்பது. 'ஷாங்-தி' சீனப் பழம்நூல்களில் உயர்முதல் இறைக்கு வழங்கியது. எனவே தம் நெறி அயல்நெறியன்று, சீனர் மறந்த தொல்நெறியே என ஹொங்கால் வாதிட முடிந்தது. மேலும், கி.மு. 221 முதல் பேரரசர்கள் பூண்ட 'ஹுவாங்-தி' என்னும் பட்டத்திலும் 'தி' உண்டு. இறைவனுக்குரிய சொல்லை மாந்தர் கவர்ந்தது பெரும்பிழை என்றார் அவர். 1851இல் தனியரசு அறிவித்தபோதும் அப்பட்டத்தை ஏலாது, 'தியென்-வாங்', அதாவது விண்ணக மன்னர், என்றே வழங்கினார். 'ஷென்' என்னும் சொல்லினின்று இவ்வாதம் பிறக்க இடமில்லை.

'தியென்-குவோ' (விண்ணரசு) என்னும் தொடரையும் விண்ணுக்கும் மண்ணுக்கும் பொதுவாக அவர் விளக்கினார். 1853இல் கைப்பற்றிய நான்சிங் அவ்வரசின் தலைநகராயிற்று. 1847இல் அவருக்கு விவிலியம் கற்பித்த அமெரிக்கப் போதகர் ஐசக்கர் ராபர்ட்ஸ் 1860இல் அங்குச் சென்றும் அவர் கொள்கையைத் திருத்த இயலவில்லை. 1864 ஜூனில் ஹொங் இறந்தார்; ஜூலையில் நகரம் வீழ்ந்தது. அப்போரில் மாண்டோர் 2 கோடிக்கு மேல் என மதிப்பிடுவர்.

வறுமையும் நிலப்பூசலும் அபினிப் போரில் தளர்ந்த மஞ்சு ஆட்சியும் இன்றி இவ்வெழுச்சி நிகழ்ந்திராது. ஆயினும் அதற்கு உரிமைமொழி தந்தவை மொழிபெயர்ப்புச் சொற்களே. மூலத்திற்கு எது நிகர் என்பதோடு, தேர்ந்த சொல் பெறுமொழியில் எச்சொற்களுக்கு உறவு என்பதையும் மொழிபெயர்ப்பாளர் ஆராய்தல் வேண்டும்.