சும்மா ஆட்டம்

பேச்சிப்பாறை அணைக்குப் போகிற வழியில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு மூன்று விஷயத்தைத்தான் சுற்றிவரும்: அணையில் தண்ணீர் எத்தனை அடி, ரப்பர் ஷீட் என்ன விலை, குலசேகரம் பஸ் ஏன் இன்னும் காணோம். அன்றைக்கு நாலாவதாக ஒன்று வந்தது. பால்வெட்டு முடித்து வந்த அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “மக ரோபோ செய்யுதா. போட்டி இனிமேத்தான் வருகு. அதுக்கு முன்னால வேற ஊர்ப் பிள்ளையளோட சும்மா ஒரு ஆட்டமாம். கப்பும் கெடையாது, சர்ட்டிபிகேட்டும் கெடையாது. அதுக்கு என்னத்துக்கு ஒரு நாள் மெனக்கெட்டுப் போணும்?”

நியாயமான கேள்வி. ஒரு சாயா ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஏழாங்கல் தெரியும்தானே என்றேன். தெரியாதவர் யார்? அந்த ஏழாங்கல்லை ரோபோக்கள் ஆடியிருக்கின்றன. ஆசிய பசிபிக் நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்காக நடத்துவது ஏபியூ ரோபோகான். எந்த நாட்டில் போட்டியோ அந்த நாடே அவ்வருடத்து ஆட்டத்தை வகுக்கும். 2022-ல் புதுடெல்லியில் நடந்தபோது இந்தியா வகுத்த ஆட்டம் லகோரி, அதாவது நம்முடைய ஏழாங்கல். கல்லுக்குப் பதில் ஐந்து வட்டத் தட்டுகள். ஓர் அணியின் ரோபோ பந்தை எறிந்து அடுக்கைக் கலைக்கும். அதே அணியின் இன்னொரு ரோபோ கலைந்ததைத் திரும்ப அடுக்கும். அடுக்குகிற ரோபோவின் தலைமேல் ஒரு பந்து வைத்திருப்பார்கள். எதிரணி ரோபோ அந்தப் பந்தைக் குறிபார்த்து எறிந்து தள்ளிவிடப் பார்க்கும்.

இதை ஒரு கல்லூரி தன் பட்டறையில் எப்படிப் பழகும்? அடுக்கிப் பழகலாம், நூறு தடவை அடுக்கலாம். தன்னுடைய எறியும் ரோபோவையே எதிரில் நிறுத்தி எறியச் செய்யலாம். ஆனால் அது எப்போது எறியும், எவ்வளவு உயரத்தில் வரும் என்பது அடுக்குகிறவனுக்கு முன்பே தெரியும்; இரண்டையும் செய்தது ஒரே கை. எதிராளி இல்லாமல் தனியாக நின்று கபடி பாடிப் பழகுகிற கதை. முன்பின் தெரியாத ஒருவன் செய்த மெஷின் எதிரில் நின்றால்தான் அந்த ஆட்டத்தின் மறுபாதி கண்ணில் படும்.

“அது காலேஜ்காரனுக்கு. இது பத்தாம் கிளாஸ் பிள்ளை.”

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம் தேவை. அவர்கள் ஆடும் பெரிய போட்டிகளில் ஒன்று ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச். டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்துவது, இந்தியாவிலும் உண்டு. களம் 12 அடிக்கு 12 அடி. தரையில் நுரைப் பாய், சுற்றிலும் குட்டைச் சுவர். ரோபோ புறப்படும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் 18 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். முதல் 30 வினாடி யாரும் கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. ரோபோ எழுதிவைத்த புரோகிராமின்படி தானாக ஓடும். பிறகு 2 நிமிடம் பிள்ளைகள் ஓட்டுவார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆட்டத்தையே மாற்றி அறிவிப்பார்கள்.

களத்தில் ஒரே நேரத்தில் நாலு ரோபோ: சிவப்புப் பக்கம் இரண்டு, நீலப் பக்கம் இரண்டு. யாருக்கு யார் கூட்டு என்பதைத் தகுதிச் சுற்றில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். காலையில் கூட்டாளியாக இருந்தவன் மத்தியானம் எதிராளி.

சிக்கல் முதலில் கிளம்புவது இந்தக் கூட்டாளியிடமிருந்துதான். தனியாகப் பழகும் அணி தன் ரோபோவுக்கு வசதியான, குறுக்கான பாதையைத் தேர்ந்தெடுக்கும். கூட்டாளி அணியும் அதே புத்தியோடு அதே பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கும். தொடங்கிய நாலாவது வினாடியில் நடுக்களத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டியதில் ரோபோ சற்றுத் திரும்பிவிடும். அது தெரியாமல் மிச்ச புரோகிராமை ஒழுங்காக, தப்பான திசையில் ஓடி முடிக்கும். இரண்டு புரோகிராமும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். பயிற்சி ஆட்டத்துக்குப் போய்வந்த அணி அந்த வாரமே இன்னும் இரண்டு புரோகிராம் எழுதிவிடும்: ஒன்று சுவரை ஒட்டிப் போவது, இன்னொன்று ஐந்து வினாடி பொறுத்துக் கிளம்புவது. அதைவிட முக்கியம், ஆட்டத்துக்கு முன்னால் அடுத்த அணியிடம் போய் “நீங்க எந்தப் பக்கம் வருவீங்க?” என்று கேட்கப் பழகுவது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்ய வரும், அறிமுகம் இல்லாதவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் நாக்கு எழாது. முதல் தடவை அதை மார்த்தாண்டத்துப் பிள்ளையிடம் தமிழில் கேட்டுவிட்டால், பிறகு மும்பைக்காரனிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

அடுத்தது பேட்டரி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் முறை புரோகிராம் எழுதும் பிள்ளை பெரும்பாலும் நேரத்தை வைத்துத்தான் எழுதும்: மோட்டாரைப் பாதி வேகத்தில் இரண்டு வினாடி ஓட்டு, நிறுத்து, இடப்பக்கம் திரும்பு. பட்டறையில் பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கும்போது அளந்து பார்த்தால் ரோபோ சரியாகக் கோட்டில் போய் நிற்கும். பெயருக்கு 12 வோல்ட் பேட்டரி என்றாலும் புதிதாக சார்ஜ் ஏறியபோது அதற்கு மேலே காட்டும்; ஆட ஆட இறங்கும். வோல்ட் இறங்கினால் மோட்டாரின் வேகமும் இறங்கும். அதே இரண்டு வினாடியில் ரோபோ ஒரு சாண் முன்னதாகவே நின்றுவிடும், அங்கிருந்து திரும்பும், வெறும் இடத்தில் கையை நீட்டும். பட்டறையில் ஒரு தடவை ஓட்டிவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டு இருப்பதால் இது தெரிவதில்லை. பயிற்சி ஆட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் களத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது ஆட்டத்தில் சாயம் வெளுத்துவிடும்.

இதற்கு மருந்து, நேரத்தை விட்டுவிட்டு மோட்டாரின் சுற்றை எண்ணுவது. மோட்டாரோடு வரும் என்கோடர் அச்சு எவ்வளவு சுழன்றது என்று எண்ணிச் சொல்லும். சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால் எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பது சாதாரணக் கணக்கு. பேட்டரி களைத்தால் ரோபோ மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகும். சக்கரம் வழுக்கினால் இந்தக் கணக்கும் தப்பும் என்பது அடுத்த பாடம். ஃபர்ஸ்டின் முதல் போட்டி 1992-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு நடந்தது. அந்தக் களத்தில் சோளமணியைக் கொட்டி அதன்மேல் ரோபோக்களை ஓடவிட்டார்கள்! சிமெண்டுத் தரையில் பழகியதை வைத்துக் களத்தை எடைபோடக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

ஓட்டுகிற பிள்ளைக்கும் சோதனை உண்டு. பட்டறையில் ரோபோவுக்குப் பின்னாலேயே நடந்து ஓட்டுவார்கள். களத்தில் சுவருக்கு வெளியே குறித்துவிட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். ரோபோ தன்னை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலது பிள்ளைக்கு இடது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் கோச் பையன் “லெஃப்ட், லெஃப்ட்” என்று கத்தினால் யாருடைய லெஃப்ட்? “சிவப்பு மூலைக்குப் போ”, “கூட்டாளி பக்கம் திருப்பு” என்று களத்தில் உள்ள அடையாளத்தை வைத்துச் சொல்லும் பழக்கம் இப்படிக் குழம்பித்தான் வருகிறது. திருகு கழன்றது, ஒயர் சக்கரத்தில் சுற்றியது, அளவுப் பெட்டிக்குள் ரோபோ நுழையாமல் ஒரு போல்ட்டின் தலை இடித்தது போன்றவை எல்லா இடத்திலும் நடப்பவை, அன்றைக்கே சரியாகிவிடும்.

இன்னொன்றும் அங்கே தெரிந்துவிடும். ஆட்டத்தின் நடுவே ரோபோவின் கை ஒடிந்து வருகிறது, அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் யார் கைக்குப் போகிறது? பிள்ளை எடுத்தால் அது பிள்ளைகள் செய்த ரோபோ. சார் எடுத்தால், கூட வந்த கோச்சிங் சென்டர்காரர் எடுத்தால், கதை வேறு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய முடித்த ரோபோவைக் கையில் கொடுத்து அனுப்புகிற இடங்கள் நாட்டில் பெருகிவருகின்றன. நடுவர் முன்னால் மனப்பாடமாகப் பேசச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒடிந்த கையைப் பத்து நிமிடத்தில் மாட்டுவதை மனப்பாடம் செய்விக்க முடியாது. சார்மாருக்கு நான் சொல்வது இதுதான்: அன்றைக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஆட்டம் தோற்றால் தோற்கட்டும்.

அண்ணாச்சி இரண்டாவது சாயா சொன்னார். அடுத்த சந்தேகம் அவருடையது மட்டுமில்லை, எல்லாப் பெற்றோருக்கும் உள்ளது. “நம்ம ஐடியாவ அவன் பார்த்துட்டுப் போயி செஞ்சிட்டா?”

செய்யட்டும். ஆட்டம் அறிவித்த சில நாளிலேயே உலகம் முழுக்க உள்ளவர்கள் தங்கள் முதல் மாதிரியை யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். மறைத்து வைக்கிற அளவுக்குப் பெரிய ரகசியம் அநேகமாக யாரிடமும் இல்லை. பார்த்துவிட்டுப் போவது எளிது. அதே கையை அதே உறுதியோடு செய்து, ஓட்டிப் பழகுவதற்குள் சீசன் முடிந்துவிடும். நம்மைப் பார்த்துத் தன் ரோபோவைத் தேற்றியவனே குலுக்கலில் நமக்குக் கூட்டாளியாக வரவும் கூடும். அப்போது அந்தத் தேறிய கை நமக்குத்தான் புள்ளி எடுத்துத் தரும். எம்ஐடி பேராசிரியர் உட்டி ஃப்ளவர்ஸ் இந்தப் போட்டிகளுக்கு ஊட்டிவிட்ட வழக்கம் ஒன்று உண்டு: எதிராளியின் பேட்டரி தீர்ந்தால் தன் பேட்டரியைக் கொடுத்து, அவனை முழு பலத்தோடு களத்தில் நிறுத்தி, பிறகு ஜெயிப்பது.

வசதி படைத்தவர்கள் இந்தச் சும்மா ஆட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை. ஃபர்ஸ்டிலேயே பெரிய ரோபோக்கள் ஆடும் இன்னொரு போட்டி இருக்கிறது. அதில் முன்பு ஆறு வாரம்தான் கட்ட நேரம். அது முடிந்ததும் ரோபோவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் போட்ட பூட்டால் பூட்டிவிட வேண்டும். காசு உள்ள அணிகள் என்ன செய்தன? அச்சு அசலாக இரண்டாவது ரோபோ ஒன்று செய்து வைத்துக்கொண்டு அதை வைத்துப் பழகின. இல்லாதவர்கள் பூட்டிய பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 2020 சீசனிலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். சீசனின் முதல் வாரத்துக்கு முன்பு நடக்கும் பயிற்சி ஆட்டத்துக்கு அங்கே ‘பூஜ்ய வாரம்’ என்றே பெயர். பாதி முடிந்த ரோபோவோடு வருகிறவர்கள்தான் அதில் அதிகம்.

பாதி முடிந்ததோடு போவதுதான் சரி என்பது என் கட்சி. முழுக்க முடித்துவிட்டுப் போனால் எதையும் மாற்ற மனசு வராது, நேரமும் இருக்காது. ஓடுகிற சக்கரமும் ஒரே ஒரு வேலை செய்கிற கையும் இருந்தால் போதும், கிளம்பலாம்.

இங்கிருந்து நாகர்கோவிலுக்கே சுமார் 40 கிலோமீட்டர். சென்னை என்றால் ஒரு ராத்திரி ரயில், டெல்லி என்றால் ஏறக்குறைய இரண்டு நாள். அவ்வளவு தூரம் போய் முதல் ஆட்டத்தில்தான் பேட்டரி விஷயமே தெரியவருகிறது என்றால், டிக்கெட் காசில் பாதி பயிற்சி ஆட்டத்துக்குப் போனதாகக் கணக்கு எழுத வேண்டியதுதான். அந்தப் பாதியை இங்கேயே முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. நிதி ஆயோக் 2016-லிருந்து பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து அடல் டிங்கரிங் லேப் அமைத்துவருகிறது. அப்படி ஒரு கூடம் உள்ள பள்ளி, அல்லது நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லாத பொறியியல் கல்லூரிகளில் ஒன்று, ஒரு சனிக்கிழமை ஹாலைத் திறந்துவிட்டால் போதும்.

நுரைப் பாய்க் களம் வாங்க முடியாதவர்களுக்கு வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட் இன்னும் சுலபம். 2004-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. 2016-ல் அதன் உலக இறுதிப்போட்டி டெல்லிக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. அதன் மேசை ஆட்டத்துக்குத் தேவையான களப் படத்தை அவர்களே வெளியிடுகிறார்கள். 2362 மில்லிமீட்டருக்கு 1143 மில்லிமீட்டர். கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுத்தால் அடித்துத் தருவார்கள். பளபளப்பாக வேண்டாம், மேட் ஃபினிஷ் வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பளபளப்பில் ட்யூப்லைட் தெறித்து, நிறம் பார்க்கும் சென்சார் கறுப்புக் கோட்டை வெள்ளை என்று நினைத்துவிடும். அங்கே ரிமோட்டே கிடையாது, இரண்டு நிமிடமும் ரோபோ தானாகத்தான் ஓட வேண்டும். போட்டியன்று காலையில், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு விதியையும் கூட்டிவிடுவார்கள். பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் மற்றப் பள்ளிக்கு இப்படி ஒரு விதியை எழுதிக் கவரில் ஒட்டிக் கொடுக்கலாம். பிள்ளைகள் எவ்வளவு வில்லங்கமாக எழுதுவார்கள் என்பதைப் பார்ப்பதற்காகவாவது நான் அங்கே இருக்க ஆசை.

ஒன்றே ஒன்றை மட்டும் இங்கே எத்தனை ஆட்டம் ஆடினாலும் கண்டுபிடிக்க முடியாது. நுரைப் பாய்மேல் சக்கரம் உரசி ஓடும்போது ரோபோவின் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். காற்று ஈரமாக இருந்தால் அது அப்போதைக்கப்போது கசிந்து போய்விடும். நம் மலையடிவாரத்து ஈரக்காற்றில் அப்படித்தான் போகும். வடக்கே குளிர்காலத்தில் காற்று உலர்ந்து கிடக்கும்போது அது போக வழியின்றிச் சேர்ந்து, இன்னொரு ரோபோவையோ களத்தின் உலோகத்தையோ தொட்டதும் பட்டென்று தாவும். அந்த அதிர்ச்சியில் கன்ட்ரோல் பெட்டியின் இணைப்பு அறுந்து ரோபோ நடுக்களத்தில் மரமாக நின்றுவிடும். இங்கே நன்றாகத்தானே ஓடியது என்று பிள்ளைகள் முழிப்பார்கள். அங்கே போய்வந்த அணி எதையாவது பிடித்துக் கேட்டுக்கொள்வதுதான் வழி. விதி அனுமதிக்கும் எர்த்திங் பட்டியை வாங்கிக் கன்ட்ரோல் பெட்டிக்கும் ரோபோவின் சட்டத்துக்கும் நடுவே மாட்ட வேண்டும். யூஎஸ்பி ஒயரில் ஃபெரைட் வளையம் போட வேண்டும். ஒயர் உலோகத்தில் உரசும் இடங்களில் டேப் சுற்ற வேண்டும். எல்லாமாக ஒரு சாயங்கால வேலை. கிளம்புவதற்கு முந்தின வாரமே முடித்து, மாட்டியபடியே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.