திரையின் நிறமும் தாளின் நிறமும்

நிழற்படம் எடுப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. கணினித் திரையில் ஒளி நிறைந்து தோன்றிய முகம், தாளில் அச்சாகி வரும்போது இருண்டு களையிழந்து விடுகின்றது என்பதே அது. அச்சுப்பொறியை நொந்துகொண்டு, மையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பணத்தை விரயஞ் செய்வோர் பலர். பெரும்பாலும் குற்றம் அச்சுப்பொறியினது அன்று.

திரை தானே ஒளிர்வது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டி நிறங்களை ஆக்குவது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. அதிற் படிந்த மைகள் அவ்வொளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட, எஞ்சியதே நம் கண்ணை அடைகின்றது. ஒன்று கூட்டல், மற்றையது கழித்தல். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து ஒரே நிறத்தை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

இவற்றிடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும். 1931ஆம் ஆண்டில் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு, மனிதக் கண் நிறத்தை உணரும் வகையை எண்களாற் குறிக்கும் முறையொன்றை வகுத்தது. அவ்வெண்கள் எந்தப் பொறிக்கும் உரியன அல்ல, கண்ணுக்கே உரியன. ‘இன்ன எண்ணைக் கொடுத்தால் இத்திரையில் இன்ன நிறம் தோன்றும்’ என அந்த முறையிற் பதிந்து வைத்த அட்டவணையே ‘கலர் புரொபைல்’ எனப்படும் நிறக்குறிப்பு. 1993இல் தோன்றிய சர்வதேச நிறக் கூட்டமைப்பு இதற்குப் பொது வடிவம் ஒன்றை அமைத்தது.

திரையின் நிறக்குறிப்பை, அதன்மீது பொருத்தும் அளவைக் கருவி ஆக்கித் தருகின்றது. அச்சுக்கோ, தாள் ஒவ்வொன்றுக்கும் மை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு வேண்டும். பளபளப்புத் தாளுக்குரியதை மங்கல் தாளுக்குப் பயன்படுத்துதல் வீண். படத்தைத் திருத்தும் மென்பொருளும் அச்சுப்பொறியின் மென்பொருளும் ஒருங்கே நிறத்தை மாற்ற இடங்கொடுத்தலும் ஆகாது. மொழிபெயர்த்ததை மறுபடியும் மொழிபெயர்த்த கதையாகும்.

எனினும், திரை காட்டும் கடும் பச்சை, கடும் நீலம் சிலவற்றை மையினால் ஆக்கவே இயலாது. அவற்றின் இடத்தில் மைக்கு எட்டிய நிறமே அச்சில் அமையும். அச்சிடுமுன்னரே இதனைத் திரையிற் பார்த்துக்கொள்ள வழியுண்டு. வானத்தின் நீலம் சற்றுப் பிறழ்ந்தால் எவரும் வழக்காடுவதில்லை. தாயின் முகம் பிறழ்ந்தால் வீட்டார் உடனே கண்டுகொள்வர்.

இருண்ட அச்சுக்கு வருவோம். கடையிலிருந்து வரும் திரைகள் பல, அளவுக்கு மீறிய ஒளியுடன் அமைந்துள்ளன. படவேலைக்குச் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலா வரையான ஒளி பொதுவாகப் போதும். படத்தைப் பார்க்கும் விளக்கின்கீழ் வெள்ளைத் தாளொன்றை வைத்து, திரையின் வெண்மை அதனுடன் ஒத்து வரும்வரை ஒளியைக் குறைக்க வேண்டும். அளவையும் நிறக்குறிப்பும் அதற்குப் பின்னரே. ஒப்பிடுவதற்குரிய விளக்கு 5,000 கெல்வின் அளவினதாயின் நன்று. மஞ்சள் விளக்கின்கீழ்ச் செம்மையான அச்சும் மஞ்சளாகவே தோன்றும். மை உலருமுன் ஒப்பிடுதலும் கூடாது. ஈரத்திற் கண்ட நிறம் உலர்ந்தபின் சிறிது மாறும். ஓரிரவு பொறுத்துப் பார்த்தல் நலம்.