கண்ணைக் காக்க வந்த கணிப்பொறி

நெசவாளிக்குக் கையை அடுத்த மூலதனம் கண். பாவில் ஓரிழை அறுந்தால் உடனே கண்டு பிணைத்துவிட்டால் துணி தப்பும்; காணாமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் குற்றம் துணியோடு போய்விடும். பூலாம்பாடிப் பக்கம் பருத்தி பயிரிடுவோரும் இதை அறிவர். காய்ப்புழு உள்ளே புகுந்த பின்னும் காய் வெளியே பச்சையாகவே நிற்கும். வெடிக்கும்போதுதான் சேதம் புலப்படும். அவ்வாறே வெளிக்குத் தெரியாமல் கண்ணை உள்ளிருந்து கெடுக்கும் பிணி ஒன்று உண்டு. அதையும், அதனை முன்னதாகக் கண்டு சொல்ல வந்திருக்கும் புதிய சாதனத்தையும் பற்றி அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நலம்.

அப்பிணிக்கு மூலம் நீரிழிவு. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்து நின்றால், விழியின் பின்புறத்திலுள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலம் குன்றிப் புடைக்கும், பிறகு கசியும். வலி இராது. பார்வையும் வெகுகாலம் தெளிவாகவே இருக்கும். மங்கத் தொடங்கும்போது சேதம் முற்றியிருக்கும். இழந்த பார்வையை முழுதும் மீட்பது அரிது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தும், வேண்டுமாயின் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் சிகிச்சை செய்தும் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தால் போதும். கத்தியும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும். இத்தனை கோடிப் பேரின் படங்களை ஆண்டுதோறும் பார்க்க அத்தனை நிபுணர்களுக்கு எங்கே போவது? இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

இதற்கான முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னைச் சங்கர நேத்ராலயாவும் கூகிள் நிறுவனத்தோடு இதில் ஒத்துழைத்தன. கணிப்பொறிக்கு எவரும் நோயின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எடுக்கப்பெற்ற 1,28,175 விழித்திரைப் படங்களை 54 வைத்தியர்கள் ஆராய்ந்தனர். ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிடப்பெற்றது. அம்மதிப்பீட்டோடு படங்களைக் கொடுக்கவே, யந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊகம் கூறி, தவறும்போதெல்லாம் தன் உட்கணக்கைச் சிறிது திருத்திக்கொண்டது. தறிக்குப் புதிதாய் வந்த இளைஞன், மூத்தவர் அருகே நின்று நூறு துணிகளைப் பார்த்துப் பார்த்தே குற்றம் அறியப் பழகுவது போன்றதே இதுவும். இதன் விவரம் 2016இல் வெளியாயிற்று.

பின்னர் மேற்படி இரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் இதைச் சோதித்த முடிவு 2019இல் வெளிவந்தது. நிபுணரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேரை மதுரையிலும் 92 பேரைச் சென்னையிலும் யந்திரம் சரியாகக் காட்டிற்று. அங்குப் படம் பார்த்த மதிப்பீட்டாளர்களின் திறனுக்கு இது குறைந்ததன்று.

ஆயினும் குறையையும் மறைக்கலாகாது. மதுரைக் கணக்கின்படி நூற்றுக்குப் பதினொருவர் தப்பிவிடுகின்றனர். படம் தெளிவில்லையென்றால் யந்திரமும் குருடே. தாய்லாந்தில் இதனைச் சுகாதார நிலையங்களில் பயன்படுத்தியபோது, போதிய இருட்டறை இன்மை முதலிய காரணங்களால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களை யந்திரம் தள்ளிவிட்டது என 2020இல் தெரிய வந்தது.

இம்முறை கண்ணோடு நிற்கவில்லை. பெருங்குடற் சுவரில் தோன்றும் சிறு சதை முளைகளுட் சில, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். 2019இல் வெளியான சீன நாட்டுச் சோதனையில், இத்தகைய முளைகள் வைத்தியர் தனியே பார்த்தபோது நூற்றில் 20 பேரிடமும், யந்திரத் துணையோடு பார்த்தபோது 29 பேரிடமும் கண்டுபிடிக்கப்பெற்றன. ஆனால் 2025இல் போலந்து நாட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. யந்திரம் புழக்கத்துக்கு வந்த பிறகு, அத்துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் வைத்தியர்கள் முளை கண்ட விகிதம் நூற்றுக்கு 28இலிருந்து 22ஆகக் குறைந்திருந்தது. துணையை நம்பித் தன் கண்ணைத் தளர விடலாகாது என்பதே அதன் பாடம்.

நமக்கும் இது பொருந்தும். யந்திரம் காட்டிக் கொடுக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவதும், நோய் உண்டெனத் தெரிந்தால் சிகிச்சைக்குப் போவதும் நம் பொறுப்பே. இத்தகைய கணிப்பொறி பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை; கண் வைத்தியரே விழித்திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் கூலி போகுமே என்று தனியொருவர் தயங்குவது இயல்பு. இத்தகைய இடத்தில்தான் கூட்டுறவுக்கு வேலை உண்டு. ஜெயங்கொண்டம் பக்கத்துத் தறிக்காரராயினும் பூலாம்பாடி விவசாயியாயினும், சங்கத்தில் நீரிழிவுள்ள அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, ஆண்டுக்கொரு முறை ஒரே நாளில் கண் பரிசோதனைக்குச் செல்ல ஏற்பாடு செய்துகொள்ளலாம். மேற்சிகிச்சை வேண்டுமென்று சொல்லப்பட்டவர் மீண்டும் சென்றாரா என்பதையும் சங்கத்தார் விசாரிக்க வேண்டும். பார்வை நன்றாக இருக்கும்போதே போக வேண்டும். மங்கியபின் போவது, நெய்து முடித்தபின் அறுந்த இழையைத் தேடுவதேயாகும்.