தலைக்கயிறும் மாதத் தேதியும்

பூண்டுலோயா தேயிலைத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் ஜன்னல் ஓரத்தில் ஒரு சித்தாலேப தைல டப்பா இருக்கும். தலை வலித்தால் அதை நெற்றியில் தடவி, துணியை இறுக்கிக் கட்டி, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். படுத்துக்கொண்டால் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். பாதியில் இறங்கினால் அரைப் பேர்தான். நானும் டன்சினன் பக்கத்து லயத்தில் பிறந்தவள். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் பிசியோதெரபி பார்க்கிறேன்.

கழுத்து வலி, கூடவே ஒத்தத் தலைவலி என்று வருகிற அக்காமாரிடம், "கடைசியா எப்ப வீட்டுக்குத் தூரமானீங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் முதலில் வரும். "கழுத்துக்கும் அதுக்கும் என்னா மிஸ்?"

மாதவிலக்கு வருவதற்குச் சற்று முன் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மளமளவென்று இறங்கும். 1972இல் பிரையன் சமர்வில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் சில பெண்களுக்கு அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். மாதவிலக்கு வழக்கமான நாளில் வந்தது. தலைவலி மட்டும் தள்ளிப்போனது. ஆக, வலியைக் கிளப்புவது இரத்தப்போக்கு அல்ல, அந்த இறக்கம். தீட்டுக்கு முந்திய இரண்டு நாளில் தொடங்கி மூன்றாம் நாளுக்குள், மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது தலைவலி வந்தால் மாதவிலக்கு ஒற்றைத் தலைவலி என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

கழுத்து எங்கே வருகிறது? மேல்கழுத்திலிருந்து வருகிற நரம்புகளும், நெற்றிக்கும் கண்ணுக்கும் மூளை உறைக்கும் போகிற நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. தலவாக்கலை சந்தியில் இரண்டு பஸ் ஒன்றாக வந்து நின்றால் யார் எதிலிருந்து இறங்கினார் என்று தெரியாதே, அதுபோல மூளைக்கும் குழப்பம். "கழுத்துப் பிடிச்சிச்சு, அதுல தலைவலி வந்துச்சு" என்பார்கள். பல தடவை அந்தக் கழுத்துப் பிடிப்பே தலைவலியின் ஆரம்பம்தான்.

அதற்காகக் கழுத்தை விட்டுவிட முடியாது. கொழுந்துப் பாரம் தலைக்கயிற்றில் தொங்கும்போது தலை பின்னுக்கு இழுபடும்; தாங்குவதற்காகக் கழுத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே மலை ஏறுவார்கள். நாளுக்கு 18 கிலோ என்று கேட்கிற தோட்டங்கள் உண்டு. மழையில் நனைந்த கொழுந்து இன்னும் கனக்கும். நொந்துபோன கழுத்து, வரவிருக்கும் தலைவலியை இன்னும் மோசமாக்கலாம்.

நான் செய்வது பெரிய வித்தை அல்ல. மேல்கழுத்து மூட்டுகளை மெல்ல அசைப்பேன். நாடியை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கவும், தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்க்கவும் பழக்குவேன். வலி இல்லாத நாட்களில், வாரக்கணக்கில் செய்தால்தான் பலன். நகரத்துப் பெண்களுக்கு நடைப்பயிற்சியும் சொல்வோம். இங்கே ஒரு தடவை சொல்லிவிட்டு நான்தான் முழித்தேன்: "நாள் முழுக்க மலை ஏறுறோமே மிஸ், இன்னும் எங்க நடக்க?" அதனால் இப்போது, பை நிறையும்வரை காத்திராமல் இடையிலேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். கங்காணிக்குப் பிடிக்காது.

ஆனால் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது. தேதி தவறாமல் மாதவிலக்கு வருகிறவர்களுக்கு, முன்கூட்டியே தொடங்கிச் சில நாட்களுக்கு மட்டும் நெப்ரோக்சன் போன்ற மாத்திரையை டொக்டர் தரலாம். வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பனடோலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறவர்கள், குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்குமுன் அதை மிட்வைஃப் அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். சலூன்காரர் போல யாரையும் கழுத்தைத் திருகிச் சொடக்கெடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் கிழியக்கூடும். திடீரென்று இடி விழுந்த மாதிரித் தலைவலி, கைகால் சோர்வு, வாய் குளறல் என்றால் என்னிடம் வரவேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

என்னிடம் வரும் ஓர் அக்கா தினம் எடுத்த கிலோவைக் கொப்பியில் எழுதி வைப்பவர், கணக்கில் ஏமாற்றிவிடக் கூடாதென்று. தலைவலி நாளில் பக்கத்திலேயே ஒரு பொட்டு வையுங்கள் என்றேன். மூன்று மாதத்தில் பொட்டுகள் ஒரே இடத்தில் கூடின. அந்த நாட்களில் கிலோவும் குறைந்திருந்தது. கிளினிக்கில் டொக்டர் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் மருந்தை எந்தத் தேதியில் தொடங்குவதென்று எழுதிக்கொடுத்தார்.