சரக்கு வண்டியின் முன்புறத்தை உயர்த்தலாமா?

காரைக்குடி வட்டாரத்தில் கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் நெல், கடலை மூட்டை ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டிகளின் அடிப்பாகம் பள்ளத்தில் தட்டுவதுண்டு. உடனே முன் ஸ்பிரிங்கில் கட்டை வைத்து உயர்த்தச் சிலர் முற்படுகின்றனர். இது ஆபத்தானது.

அளவுக்கு மீறி உயர்த்தினால் ஸ்டியரிங் தண்டுகளின் கோணம் மாறி, மேடுபள்ளத்தில் வண்டி ஒருபுறமாக இழுக்கும். டயர் விரைவில் தேயும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். வண்டிக் கடன் முடியாத குடும்பத்துக்கு இது பெருஞ்சுமை.

முதலில் காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளக்கவும். ஒருபுறம் தாழ்ந்திருந்தாலோ, பட்டையில் விரிசல் தெரிந்தாலோ, இருபுறமும் புதுப் பட்டை மாற்றிப் பழைய உயரத்துக்கே கொண்டு வரவும். யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்கி, வீல் அலைன்மென்ட் பார்க்கவும்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் தட்டினால், குறை பாரத்திலோ பாதையிலோ உள்ளது. அனுமதித்த எடைக்குள் மூட்டைகளைப் பரவலாக அடுக்குங்கள். பள்ளத்தில் ஊர்கூடிச் சரளை கொட்டினால், எல்லோர் வண்டிக்கும் நன்மை.